துலா மிதிக்க ஓர் ஆள்

யூரியாப் பையைக் கவுண்டரில் வைத்தபோது என் அடையாள அட்டையையும் கூடவே நீட்டினேன். எத்தனை பாத்திக்கு என்பதையும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். கடைப்பெண் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோன், மெசியூ, இது வேண்டாம்," என்று சிரித்தாள். நான் அகதியாக வந்து சேர்ந்த இந்த செயின்ட்-மிஷேலில் யூரியா மூட்டை மூட்டையாக வாசலிலேயே கிடக்கிறது, காவலுக்கு ஒரு நாய்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கைப்பிடிக்கும் தடை; அட்டை காட்டிப் பாத்திக் கணக்குச் சொன்னால்தான் கிடைக்கும். வெடிமருந்து செய்துவிடுவோமாம். நாங்கள் அதில் செய்தது வெங்காயம்.

பின்வளவில் தோட்டம் போட எனக்கு ஒரு மூலை தந்தவள் வீட்டுக்காரி மரியா. "சண்டை முடிந்தால் உங்கள் ஊர் பழையபடி ஆகிவிடும், இல்லையா?" என்று அன்றும் கேட்டாள். ஆமாம் என்பதற்கு "வுய்" என்றேன். என் பிரெஞ்சு அவ்வளவுதான். தமிழில் கேட்டிருந்தால் லேசில் விட்டிருக்க மாட்டேன். மண்ணெண்ணெய் இல்லாமல் நீர்ப்பம்பு நின்றது. பாதை பூட்டியதும் வெங்காயம் ஏற்ற வந்த கொழும்பு லொறி நின்றது. லொறிக்காரன் எத்தனை நாள் சும்மா இருப்பான்? வேறிடத்து வெங்காயத்துக்குப் போய்விட்டான். நாளைக்கே பாதை திறந்தாலும் அவன் எங்கள் படலைக்கு ஏன் வரவேண்டும்? குண்டு விழுந்த குழியை ஒரு பகலில் மூடலாம். போன சந்தையை எதைக் கொட்டி மூடுவது? தோட்டம் செய்ய வேண்டிய நானே இங்கே டவுன்டவுன் உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன்.

மாரியில் ஊரிலிருந்து அண்ணை எழுதியிருந்தார், கதைப்பது போலவே எழுதுவார்: "கூரை வளையிலை தொங்கிறது கடைசி விதை வெங்காயம். நடுறதோ, கறிக்குப் போடுறதோ? நீ சொல்லு." விதை வெங்காயத்தைத் தின்றால் அதோடு தோட்டம் முடிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. 'நட்டே ஆகவேணும்' என்று எழுதினேன். இங்கிருந்து எழுதுவது சுலபம்.

யூரியாவோடு வீடு வந்தபோது அவருடைய பதில் கிடந்தது. "ரெண்டு பாத்தி நட்டிட்டன். பம்ப் இல்லையெண்டா என்ன, அப்பான்ரை கிணத்துத் துலாவை நிமித்திட்டன். கீழை நான் வாளி பிடிப்பன், மேலை ஏறி மிதிக்கத்தான் ஆளில்லை. தனிய இழுக்கிறன்."

சின்ன வயதிலிருந்து, வாளி கிணற்றில் இறங்கி ஏற, அந்தத் துலா மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தவை என் கால்கள். நின்றபடியே பதில் எழுதினேன்: "விதையை விடாதேங்கோ அண்ணை. ஆர் கிடைச்சாலும் துலாவிலை ஏத்துங்கோ. நான் வந்தவுடனை இறங்கச் சொல்லுங்கோ."

பிறகு வெளிப்புற இரும்புப் படியில் தடதடவென்று இறங்கினேன். பாத்தி காய்ந்திருந்தது. குழாயைத் திருகினேன். தண்ணீர் தாராளமாக வந்தது. மிதிக்க யாரும் தேவைப்படவில்லை.