உப்புச் சோதனையும் வீடியோ கேசட்டும்

எண்பதுகளின் கடைசியில் மரக்காணம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டர். சுகாதாரத் துறை கூட்டம் போட்டுப் பாடம் நடத்தினால் டாக்டர்களில் பாதிப் பேர் போவதில்லை. அதனால் புதுச் சிகிச்சை முறைகளை வீடியோ கேசட்டில் பதிந்து அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். போட்டுப் பார்க்க டி.வி.யும் வீடியோ டெக்கும் வேண்டுமே! கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கடையில்தான் எடுப்போம். டி.வி.யைக் கண்டதும் சினிமா என்று நினைத்து ஜன்னலில் கூட்டம் அடைத்துக்கொள்ளும். அந்த மாதப் பாடம் பாம்புக்கடி. திரை முழுக்கக் கடிபட்ட ஒருவரின் முகம். இமைகள் மெல்லச் சரிந்தன. "இன்னா சார், ஒரு சண்டகூட இல்ல" என்று சலித்துக்கொண்டு கலைந்தார்கள்.

சண்டை அடுத்த வாரம் வந்தது.

உப்பளத் தொழிலாளி ஒருவரை மத்தியானம் அவர் தம்பி தோளில் தூக்கி வந்தான். மூட்டைக்கு அடியில் கை விட்டபோது பாம்பு கடித்துவிட்டதாம். நான் ஊசியை எடுப்பதற்குள் தம்பி மடியிலிருந்த கல்லுப்பை அண்ணன் வாயில் போட்டான். அவர்கள் சோதனை அது: உப்புக் கரித்தால் விஷம் ஏறவில்லை.

"கரிக்குதாண்ணே?"

"கரிக்குதுடா," என்றார் குழறலாக.

அவ்வளவுதான், அண்ணனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவர் இமைகளைப் பார்த்தேன். விஷம் ஏறினால் வரும் என்று கேசட்டில் காட்டிய அதே சரிவு. ஓடிப்போய் வாசலை மறித்தேன்.

"விஷம் ஏறிடுச்சுப்பா. வெளிய போனா மூச்சு நின்னுடும். ஊசி போட விடு, கெஞ்சிக் கேக்குறேன்."

"அதான் கரிக்குதுன்னு சொல்லிட்டாரே! நவுரு யோவ்!"

அண்ணனைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு என் முகத்தில் ஓங்கிக் குத்தினான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். எனக்கு மட்டும் கோபம் குறைச்சலா? சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி அவன் முழங்காலில் ஒரு போடு போட்டேன். விழுந்தவன் எழுந்து என் கழுத்தை நெரித்தான். அப்போதுதான் பெஞ்சில் அண்ணனின் தலை தொங்கியது. மூச்சு இல்லை.

கழுத்திலிருந்த பிடி தளர்ந்தது. அண்ணன் வாயிலிருந்த உப்பை விரலால் வழித்தெறிந்தேன். மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை அவர் முகத்தில் பொருத்தி, தம்பியின் கையில் திணித்தேன்.

"அமுக்குடா! விட்டா உங்கண்ணன் செத்துடுவான்."

அவன் அழுதுகொண்டே அமுக்கினான். நான் மருந்தை ஏற்றினேன்.

சாயங்காலம் அவருக்கு மூச்சு திரும்பியது. விரல்கள் அசைந்தன, பிறகு கையும் அசைந்தது. தம்பி ஆசையாகக் குனிந்தான். கன்னத்தில் பளாரென்று விழுந்தது ஓர் அறை.

"கண்ணுதாண்டா தொறக்க முடியல. காது கேட்டுக்கினேதான் இருந்துச்சு. டாக்டரு கெஞ்சுறாரு, நீ என்னைத் தூக்கினு போறேன்னு நிக்கிற. வேணாண்டான்னு உள்ளுக்குள்ள கத்துறேன், வாய் வர்ல."

மறுபடியும் அறைந்தார். நான் தடுக்கவில்லை.