சாவு இல்லாத வீட்டுக்கு வந்த பந்தல்

இன்று காலை எங்கள் வீட்டு வாசலில் சாவுப் பந்தல் போட்டார்கள்.

வீட்டில் யாரும் சாகவில்லை!

(பயப்படாதீர்கள், இதை எழுதுவது நானேதான்.)

தெரியாதவர்களுக்காக: நாங்கள் இருப்பது நாவுல என்ற ஊர்ப் பக்கம், நீர்த்தேக்கத்துக் கரையில். அணை கட்டிய காலத்தில் வேலையாட்களுக்குப் போட்ட சின்னச் சின்ன வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசை. இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். என் டீச்சர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வாடகை என்பதால்தான் இரத்தோட்டையிலிருந்து அம்மாவோடு இங்கே வந்தேன். குளத்துக் காற்று இலவசம்!

இடப்பக்கம் சோமலதா அக்கா, சிங்களவர். வலப்பக்கம் த்ரீவீலர் ஓட்டும் ஜவாஹிர் நானா, முஸ்லிம். (நானா என்றால் அண்ணன்.) நோன்பு மாதத்தில் ஒரு பக்கத்தால் கஞ்சி வரும். வெசாக் பண்டிகைக்கு மற்றப் பக்கத்தால் பலகாரம் வரும். பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பக்கமும் கொடுத்துச் சமாளிப்போம்.

இவ்வளவு நல்ல மனிதர்களிடம் ஒரு விஷயத்தை மட்டும் மறைத்திருந்தோம்.

என் அண்ணன்.

கிளிநொச்சியில் பெண் எடுத்து, அங்கேயே வயல் செய்துகொண்டிருந்தவன். சண்டை நடக்கிற வன்னியில் சொந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொலிஸ் வரும், விசாரணை வரும், பிறகு வேறு வீடு தேட வேண்டிவரும். அதனால் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை என்று சொல்லிவைத்தோம்.

முக்கியமாக சோமலதா அக்காவுக்குத் தெரியவே கூடாது. அவருடைய மகன் ஆர்மியில். வடக்கில், சண்டையில்.

அண்ணனிடமிருந்து ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. அம்மா சத்தமாக அழக்கூட மாட்டார். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுவார். நான் வெளியே நின்று கேட்காத மாதிரி கொப்பி திருத்துவேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொல்லி ஒரு வாரம். சந்தியில் பட்டாசு, பாற்சோறு. எங்கள் வரிசையில் மட்டும் ஒரு வெடிகூட இல்லை. எங்கள் முகத்துக்காகத்தான் என்று நினைத்து மனசுக்குள் கும்பிட்டேன்.

இன்று ஞாயிறு. காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"தங்கச்சி, நான்தான். வவுனியா கேம்புல இருக்கோம். புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்க."

அதோடு கட்!

அம்மாவிடம் சொன்னேன். ஐந்து மாத அழுகையும் ஒன்றாக வந்தது. தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் ராசா, என் ராசா" என்று ஒரே ஓலம். நானும் சேர்ந்துகொண்டேன். குழாயைத் திறக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், வாசலில் பந்தல்!

எங்கள் வரிசையில் மரண உதவிச் சங்கம் ஒன்று உண்டு. சாவு என்றால் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். முதலில் பந்தல், பிறகுதான் பேச்சு. அழுகைச் சத்தம் கேட்டதும் செயலாளர் ஜவாஹிர் நானா த்ரீவீலரில் உட்காரக் கதிரை ஏற்றிவந்துவிட்டார். ஆண்கள் கம்பு நட்டுவிட்டார்கள். சோமலதா அக்கா பெரிய கேத்தலில் தேத்தண்ணியோடு நிற்கிறார்.

பாவம், அவர்களுக்கு ஒரேயொரு குழப்பம். வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டு பேரும் வாசலில் உயிரோடு நிற்கிறோம்.

நானா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"யாரு புள்ள மவுத்தானது?"

நான் அவசர அவசரமாக இரத்தோட்டைப் பெரியம்மாவைச் சாகடிக்கத் தயாரானேன். (பெரியம்மா மன்னிக்கவும்.) அதற்குள் அம்மா முந்திக்கொண்டார். நேராக சோமலதா அக்காவைப் பார்த்து, சிங்களத்தில் சொன்னார்.

"மகே புத்தா இன்னவா."

என் மகன் இருக்கிறான்.

அதோடு நிறுத்தினாரா? பெயர் செல்வம், கிளிநொச்சியில் இருந்தான், இப்போது முகாமில் இருக்கிறான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வீடு போச்சு என்றே நினைத்தேன்.

சோமலதா அக்கா கேத்தலைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் அவருடைய போன். அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, சிங்களத்தில் ஒன்றே ஒன்று கேட்டார். அங்கிருந்து போன் கோல் வருகிறதா, எத்தனை மணிக்கு வந்தது?

அவருடைய மகன் பேசி இருபது நாளாம். எங்களிடம் அக்கா மூச்சு விடவில்லை. பட்டாசு வெடிக்காததற்கு இப்படியும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அவரும் எந்தக் குழாயைத் திறந்துவைத்து அழுதாரோ!

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எல்லாரும் தேத்தண்ணி குடித்தோம். சாவு வீட்டுக்கு வந்த பிஸ்கட்டைச் சிரித்துக்கொண்டே தின்றோம். வீட்டுச் சொந்தக்காரரும் வந்தார். காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று நான் முழித்துக்கொண்டிருக்க, மனிதர் இரண்டு கப் தேத்தண்ணி குடித்துவிட்டு, "கேம்புக்குச் சாமான் அனுப்புறதா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிப் போனார். இந்த வரிசையை விட்டு நான் எங்கே போவேன், சொல்லுங்கள்?

மத்தியானம் ஜவாஹிர் நானா கதிரை ஏற்ற வந்தார். அம்மாவும் சோமலதா அக்காவும் எழும்பவே இல்லை.

"தம்பி, பந்தல இப்ப கழட்டாதீங்க," என்றார் அம்மா. "அந்தப் புள்ளையும் கோல் எடுக்கட்டும்."

நானா ஏற்றிய கதிரைகளைத் திரும்ப இறக்கிவைத்தார்.

இப்போது பின்னேரம் நான்கு மணி. போன் இன்னும் அடிக்கவில்லை.

பையன் பெயர் நுவன். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.