எல்லை தாண்டிய அன்று அம்மன் அனுப்பியவள்

என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. போன சித்திரையில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. படுக்கையை நனைத்தாள். ஆள் துரும்பாக இளைத்தாள். என் மாமியார் அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? குடத்தைத் தூக்கி மறைத்து வைத்தது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வாலிகண்டபுரம் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் தேர் முடியும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்பு கட்டிய மறுநாள் காலையில் பிள்ளை வாந்தி எடுத்தாள். மூச்சு இரைத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் வாசலை மறித்தாள்.

"காப்பு கட்டிப்புட்டு எல்லைய தாண்டப் போறியா? ஊருக்கு ஒன்னுன்னா நீ பதில் சொல்லுவியா? ஆத்தா எறங்கியிருக்கா. வேப்பிலைய போட்டுப் படுக்க வை."

என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். பைக் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மாமியாரைத் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கினேன். அம்மனை நான் வேண்டவில்லை, திட்டினேன்.

"நீயும் ஒரு தாயா? எம் புள்ள உசுரு போனாத்தான் ஒன் தேரு ஓடுமா? யாரையாவது அனுப்பு. இல்லாட்டி இனிமே ஒனக்கு வெளக்கேத்த மாட்டேன்."

வந்தது யார்? என் நாத்தனார் செல்வி. திருவிழாவுக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். என் சீரைக் குறை சொன்ன நாளிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சே கிடையாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

"ஏறு. மொறச்சுகிட்டு நிக்காத."

பின்னால் மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள்.

குழந்தைக்கும் சர்க்கரை நோய் வரும் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காப்பாத்தியிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். யாழினி கண் விழித்து இட்லி கேட்டபோது ஓவென்று அழுதேன். செல்வியும் அழுதாள்.

இப்போது யாழினிக்குத் தினமும் ஊசி போடுகிறேன். பள்ளிக்கூடம் போகிறாள், கூட இருக்கும் பிள்ளைகளோடு சண்டை போடுகிறாள். செல்வியோடு நானும் இன்னும் சண்டை போடுகிறேன், ஆனால் பேசாமல் இருப்பதில்லை. எல்லை தாண்டியதால்தான் இந்த நோய் வந்தது என்று மாமியார் ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். அவளை மன்னிக்கும் மனசை நான் அம்மனிடம் கேட்கவில்லை. அம்மனும் தரவில்லை. பிள்ளையைக் கேட்டேன், கொடுத்தாள். அந்த நன்றி என் கட்டை வேகும்வரை இருக்கும்.

உங்கள் பிள்ளை இப்படிச் சோர்ந்து கிடந்தால் அம்மனைக் கூப்பிடுங்கள். கோபத்தோடு கூப்பிட்டாலும் வருவாள். யார் உருவில் வந்திருக்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆகாதவள் வண்டியாக இருந்தாலும் ஏறிவிடுங்கள்.