அத்தையின் வண்டிக்குப் புது பம்ப்

கடலூர் பங்க்கில் டீசல் போடுவதில்லை என்பதை அத்தை ஒரு மானப் பிரச்சினையாகவே வைத்திருந்தாள். எங்கள் பாகூர்ப் பக்கம் விலை குறைவு. முள்ளோடையில் மாநில எல்லையைத் தாண்டினால் ஏறிவிடும். அதனால் சிதம்பரம் வரை சவாரி போனாலும், திரும்பும்போது டீசல் முள் எவ்வளவு இறங்கினாலும், நம்ம ஊர் பங்க்கில்தான் வந்து நிற்பாள். ஆரஞ்சு விளக்கு எரிய எரிய எல்லையைத் தொடும்போது பக்கத்து சீட்டில் நான் கைதட்டுவேன். அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் தெருவில் கார் ஓட்டிச் சம்பாதித்த ஒரே பெண் என் அப்பாவின் தங்கை என்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

ஒருநாள் பெண்ணையாற்றுப் பாலத்தின் மேல் டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. கேனில் வாங்கி ஊற்றி எப்படியோ வீடு வந்தோம். அடுத்த வாரம் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்து, ஃபில்டரைக் கழற்றி அதிலிருந்த டீசலை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். வெயிலில் ஜிகினா போல மினுங்கியது.

“அத்த, சூப்பரா இருக்குது!”

“பம்ப் தேஞ்ச இரும்பு பாப்பா அது. டீசல்தான் அதுக்கு எண்ணெய். காய வுட்டா உரசி உரசியே செத்துடும். யக்கா, வண்டிக்கு வெரதம் இருக்கக் கத்துக் குடுத்தீங்களா?”

இப்படி யாராவது சீண்டினால் அத்தை சும்மா விடமாட்டாள். அன்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பம்ப மட்டும் மாத்து தம்பி, போதும்” என்றார் அப்பா.

“இல்லண்ணே. அந்தத் துகளு எங்கெங்க போச்சோ, எல்லாத்தையும் பாக்கட்டும். டேங்க எறக்கிக் கழுவு தம்பி.”

“இன்னாத்துக்குமா இவ்ளோ? இனிமே நாம...” என்று தொடங்கிய அப்பா என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பம்ப் மாற்றிய அன்று, தூசி எழும்பாதிருக்க அத்தை வாசலெல்லாம் தண்ணீர் தெளித்தாள். கழற்றிய குழாய் வாய்களையெல்லாம் மெக்கானிக் அண்ணன் பாலிதீனால் கட்டினார். உரித்த தேங்காய் அளவில் பழைய பம்ப் வெளியே வந்தது. புதியது உட்கார்ந்தது, குழாய்களும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும்கூடப் புதிது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன்.

“இதுல எவ்ளோ பிரஷர்ணா வரும்?”

“உன் வாய வுட கம்மிதான். கசியுதான்னு கைய வெச்சிடாத, ஊசியாட்டம் தோல்ல எறங்கிடும்.”

முதலில் பம்புக்குள் டீசலை நிரப்பி, காற்றை வெளியேற்றி, பிறகுதான் சாவியைத் திருப்பச் சொன்னார். இரண்டு இருமல், ஒரு உதறல், பிறகு சீராக ஓடத் தொடங்கியது. நான் குதித்த குதியில் தெருநாய் எழுந்து ஓடியது.

இப்போது நான் ஆட்டோமொபைல் படிக்கிறேன். அந்தப் பம்பின் உள்ளே என்ன நடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று பம்பைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அத்தை முகத்தையும் பார்த்திருக்கலாம்.

மெக்கானிக் அண்ணன் போனதும் அத்தை எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்று, டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாள். அத்தை குள்ளம். அங்கிருந்து அவளுக்குக் கால் எட்டாது.

“இன்னாத்துக்கு அத்த?”

“அடியில தூசிடி.”

உடனே ஓடிப்போய் விளக்குமாறு எடுத்துவந்து மூலைமூலையாகப் பெருக்கினேன். “போதும்டி, புதுசாட்டம் ஆயிடுச்சி” என்றாள்.

மறுநாள் காலை அப்பாவோடு ஒரு நெட்டை ஆள் வந்தார். அத்தை சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தாள். அவர் சீட்டை நகர்த்தாமலே ஏறி உட்கார்ந்தார். ஏதோ சவாரிக்கு என்று நினைத்து, தெருமுனை திரும்பும்வரை டாட்டா காட்டினேன். சாயங்காலம் வண்டி வந்துவிடும் என்று வாசலில் கிடந்த சைக்கிளையும் ஓரமாக எடுத்து வைத்தேன்.