புரொப்பல்லருக்கு அரம் போட்ட கதை

பட்டினச்சேரியில் பெண்கள் படகைத் தொடுவதில்லை. மீன் விற்கலாம், வலை தைக்கலாம், படகு வாங்க நகையைக் கழற்றிக் கொடுக்கலாம். தொட மட்டும் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் நாத்தனார் இதைச் சொன்னபோது நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். வரிச்சிக்குடியில் நெல் விளைவிக்கிற வீட்டில் பிறந்தவள் நான், கடல்புறத்து வழக்கம் எனக்கென்ன தெரியும் என்று அடங்கிப் போனேன். அந்த அடக்கம் ஒன்பது வருஷம் தாங்கியது.

பிறகு என் வீட்டுக்காரருக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. டிராக்டர் வைத்துப் படகை இழுக்கும்போது கயிறு அறுந்து அடித்ததில் வந்த வினை. கட்டுப் போட்டும் எலும்பு சரியாகச் சேரவில்லை, மறுபடி அறுத்துத் தகடு வைத்தார்கள். எங்கள் ஃபைபர் படகு ஆற்று முகத்துவாரத்தில் நான்கு மாதம் சும்மா கிடந்தது. எஞ்சினின் நீளத் தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தூக்கிப் பார்த்த அன்று அதன் முனையில் புரொப்பல்லரையே காணவில்லை. வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி என்னவோ இருந்தது. கொட்டலசு என்கிற சின்னச் சின்ன ஓட்டுப்பூச்சிகள் மூன்று இறக்கைகளிலும் இடம் விடாமல் ஒட்டியிருந்தன.

வீட்டுக்காரரோடு படகில் போகிறவர்கள் இரண்டு பேர், என் கொழுந்தனும் பக்கத்து வீட்டுக்காரரும். நான்கு மாதமும் வேறு படகுகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் படகு தயாரானால் திரும்பி வருவதாகவும், இல்லையென்றால் அந்தப் படகுகளிலேயே நிரந்தரமாக இருந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார்கள். ஆள் போய்விட்டால் படகைக் கவிழ்த்துப் போட வேண்டியதுதான். சுத்தம் செய்ய வீட்டுக்காரருக்குக் கை இல்லை. வருகிறேன் என்ற ஆளும் இரண்டு நாளாக வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை நானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன்.

நாத்தனார் பின்னாலேயே ஓடி வந்தார். "நீ தொட்டா கடல் குடுக்காது. சொல்றதக் கேளு."

"நான் கட்டின பூவத்தானே அண்ணி அணியத்துல சுத்துறீங்க? முன்பக்கம் என் பூ ஏறலாம், பின்பக்கம் என் கை படக்கூடாதா?"

அவர் முறைத்தார்.

பழைய அரிவாளின் முதுகால் சுரண்டினேன். ஒவ்வொன்றும் கல்லாய் ஒட்டியிருந்தது, பேர்க்கும்போது விரலைக் கிழித்தது. மத்தியானத்துக்குள் பித்தளை தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இறக்கைகளின் விளிம்பு மொண்ணையாக இருப்பதைப் பார்த்ததும் உள்ளே இருந்த வயக்காட்டுக்காரி எழுந்துவிட்டாள். மண்வெட்டியை அரத்தால் தீட்டாமல் அப்பா வயலில் இறங்க மாட்டார். மண்ணை வெட்டுவதற்கே அவ்வளவு கூர் வேண்டும் என்றால் தண்ணீரை வெட்டுவதற்கு? அரத்தை எடுத்துத் தீட்டினேன். முதல் இறக்கைக்கு மனசாரப் போட்டேன், இரண்டாவதற்குச் சுமாராக. மூன்றாவது வருவதற்குள் கை ஓய்ந்துவிட்டது.

சனிக்கிழமை கொழுந்தன் எஞ்சினைப் போட்டார். படகு குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. தண்டு உதறி, பலகையெல்லாம் தடதடவென்று அடித்தது. கரையில் நின்றவர்களுக்கு ஏக சந்தோஷம். "பொம்பள கை பட்டுச்சுல்ல, அதான் ஆடுது" என்றார் ஒருவர். அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. தவறு என்னுடையதுதான். ஆனால் அவர்கள் சொன்ன தவறு இல்லை. "பொம்பள கை பட்டதால ஆடல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அரம் பட்டதால ஆடுது. ஒரு பக்கம் அதிகமாத் தீட்டிட்டேன். மண்வெட்டின்னு நெனச்சு செஞ்சது, என் தப்பு. நானே சரி பண்ணுவேன்." வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று நல்லவேளையாக ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. முட்டாள் என்று பேர் வாங்கலாம், தீட்டு என்று வாங்க மாட்டேன்.

புரொப்பல்லரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகி, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் தொங்கவிட்டுச் சுற்றினேன். கனமான இறக்கை தானாகக் கீழே வந்து நின்றது. அதைக் கொஞ்சம் தேய்த்தேன், மறுபடி சுற்றினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம்... போதும், போதும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிறு சாயங்காலம், எந்த இறக்கையும் கீழே இறங்காமல் சுற்றிவிட்ட இடத்தில் அது நின்றது.

திங்கட்கிழமை படகு நடுங்காமல் போனது. திரும்பி வந்தபோது உள்ளே அரைக்கூடைப் பொடிமீன்தான். அன்றைக்கு யாருக்குமே மீன் இல்லை, அதை யாரும் பேசவில்லை. எங்கள் அரைக்கூடையை மட்டும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் விடிகாலையில் பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினார். அவருடைய செருப்பு வேறொரு படகின் பக்கத்தில் கிடந்ததை நானே பார்த்தேன். வலை போட இரண்டு பேர் வேண்டும். கொழுந்தன் தனியாக நின்று கடலையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்று படகு கிளம்பாவிட்டால் இனி ஒருபோதும் கிளம்பாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விளிம்பில் கையை ஊன்றி ஏறி உள்ளே உட்கார்ந்தேன்.

கரையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, நீச்சல் தெரியுமா?" என்றார் கொழுந்தன்.

"வாய்க்கால்ல தெரியும். எஞ்சினப் போடுங்க தம்பி."

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் இடது கையால் கயிற்றை அவிழ்த்து உள்ளே எறிந்தார். எஞ்சின் பிடித்தது.

முகத்துவாரம் தாண்டியதும் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். கடல்தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, வலையின் நுனி எங்கே என்று கேட்டேன்.