மலையில்லாத ஊரில் ஒரு ஜீப்

தண்ணீரில் நின்றுபோன காரின் சாவியை இரண்டாவது முறை திருப்பக் கூடாது. இன்று யார் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. பாண்டிச்சேரி சாரத்தில் எங்கள் தெரு முனையில், பம்பருக்கு மேல் தண்ணீர் நிற்க, என் சின்னக் கார் ஒரு விக்கலோடு நின்றது. நான் பதறிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். இன்ஜினுக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அதோடு அதன் கதை முடிந்தது. பின் சீட்டில் அக்கா இருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை, அவளுக்கு டயாலிசிஸ் நாள். செவ்வாயும் வெள்ளியும் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் படுத்தால்தான் அவள் உடம்பில் சேர்ந்த நீர் இறங்கும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைத் திறந்தாள், "எறங்கு, ஊட்டுக்கு நடப்போம்" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி, ஒவ்வொரு மூச்சையும் வேலையாகச் செய்தாள். தெரு முழுக்கத் தண்ணீர். அவளுக்கு டாக்டர் அளந்து கொடுத்ததோ ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்.

மூச்சு சீரானதும் அவள் பேசிய முதல் பேச்சு, "வண்டி வாங்கணும்" என்பதுதான். அக்கா முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். நான் கல்யாணத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். இரண்டு பொம்பளைகள் இருக்கும் வீட்டுக்கு, தண்ணீரிலும் சேற்றிலும் போகிற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாண்டிச்சேரியில் எந்த மலையில் ஏறப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆம்புலன்ஸ் இருக்கிறது, போன் செய்தால் வரும் என்றார்கள். மழை வெள்ளத்தில் ஊரே ஒரே நேரத்தில் போன் செய்யும் என்பது சிரித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே அது வீண் வேலை என்றுதான் பட்டது. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

வண்டி பார்க்க அவள் எடுத்துக்கொண்டு வந்தது நீளம் தாண்டுதலை அளக்கும் டேப். பள்ளியை விட்டு வரும்போது அதையும் விசிலையும் மட்டும்தான் நினைவாகக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். எங்கள் வெளிச்சுவரில் வெள்ளக் கறை நின்ற உயரத்தை முதலில் அளந்துகொண்டாள். பிறகு ஒவ்வொரு கடையிலும் வண்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, இன்ஜின் காற்று இழுக்கும் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தாள். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பளபளக்கும் தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், "இது தண்ணியில நல்லா போவும் மேடம்" என்றார். "எவ்ளோ தண்ணியில?" என்றாள் அக்கா. "நல்லாவே போவும் மேடம்." "எவ்ளோன்னு கேட்டேன். நல்லான்றது ஒரு அளவா?" அந்தப் பையன் முகம் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன் முகமாகிவிட்டது. எதிர் வீட்டு முசே வேறு கூட வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும். "நா ஜிபூத்தி பாலைவனத்துல ஓட்டினவன், டீச்சர். நல்ல வண்டின்னா பட்டனத் தட்டினா சீட்டு சூடாவணும்" என்றார். "இந்த ஊர்ல சூட்டுக்கு இன்னா கொறச்சல் முசே?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள்.

உயரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அது நான்காவது கடையில்தான் தெரிந்தது. வெள்ளத்துக்கு ஏற்ற வண்டி உயரமாக இருக்கும். உயரமான வண்டியில் அக்கா ஏற வேண்டும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவள் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்தக் கையால் எதையும் இழுக்கக் கூடாது, பளு கொடுக்கக் கூடாது. ஆனால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறப் போனால், பிடித்து ஏறும் கைப்பிடி சரியாக இடது கைக்குத்தான் வருகிறது. அவள் வலது கையை நீட்டிப் பார்த்தாள், உடம்பைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு காலை மேலே வைத்து அப்படியே நின்றாள். உயரம் தாண்டுதலில் மாவட்டத்துப் பிள்ளைகளைத் தயார் செய்தவள், ஒரு வண்டியின் வாசலில் ஒற்றைக் காலில் நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தூக்கிவிடப் போனேன். "தொடாத" என்றாள். "மழையில நீ வண்டிய பாப்பியா, என்ன தூக்குவியா? தானா ஏற முடியாத வண்டி எனக்கு வேணாம்."

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய ஜீப். சேலம் பக்கத்து மலைத் தோட்டம் ஒன்றில் காப்பி மூட்டை சுமந்த டீசல் வண்டி. பின்பக்கம் ஒற்றைக் கதவு, கீழே படி, இரண்டு ஓரத்திலும் கம்பி. வலது கையால் கம்பியைப் பிடித்துத் தானாக ஏறினாள், தானாக இறங்கினாள், இன்னொரு முறையும் செய்து காட்டினாள். உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு, ஆறு பேர் முட்டி இடிக்க உட்காரலாம். ஏசி இல்லை. ஜன்னலைக் கையால் சுற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் சொல்லி, காற்று இழுக்கும் வாயைக் குழாய் வைத்துக் கூரை மட்டத்துக்கு ஏற்றினோம். ஒரு பெஞ்சைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டால் படுத்துக்கொண்டே போகலாமே என்று நான் சொன்னேன். "பெஞ்சுல கை வெக்காத" என்றாள். காரணம் சொல்லவில்லை. டீச்சர்கள் காரணம் சொல்வதில்லை என்று விட்டுவிட்டேன்.

கோயில் வாசலில் மாலை போட்டு, சந்தனம் தடவி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்த நான்கு பழங்களை நசுக்கியதுதான் ரொம்ப நாளைக்கு அந்த வண்டியின் ஒரே சாகசம். கறிகாய் வாங்க ஜீப்பில் போனால் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. ராணியம்மா யுத்தத்துக்குப் போறாங்க என்று அத்தை மகன் ஒருவன் சொன்னான். சொல்லட்டும் என்று இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைச் சேற்றில் அக்கா எனக்குப் பயிற்சி கொடுத்தாள். தண்ணீரில் முதல் கியர், ஒரே வேகம், காலை எடுக்காதே, ரோட்டின் நடுவைப் பிடி. நான் காலை எடுத்தால் பின்னாலிருந்து விசில் வரும். நாற்பத்து மூன்று வயதில் விசிலுக்கு வண்டி ஓட்டியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐப்பசி பிறந்ததும் டாங்கை நிரப்பினோம். கயிறு, டார்ச், ஆஸ்பத்திரி பைல் வைத்த பிளாஸ்டிக் பை எல்லாம் பெஞ்சுக்கு அடியில் போயின.

அடுத்த மாதம், கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை புயல் மழை வந்தது. விடிந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். அக்காவுக்கு முகம் உப்பியிருந்தது, நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். நான் வண்டியைக் கிளப்பினேன். கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டு எதிர் வீட்டு மாடியில் முசே கை தட்டினார். தெரு முனையில், போன தடவை கார் செத்த அதே இடத்தைத் தாண்டி, மேற்கே கதிர்காமத்துக்கு ஒடிக்கப் போனேன். பின்னாலிருந்து விசில் வந்தது.

"அங்க இல்ல. மொதல்ல கருவடிக்குப்பம்" என்றாள். அவள் கையில் போன் இருந்தது. அவளோடு அதே நேரத்தில் டயாலிசிஸுக்குப் படுக்கும் ஆட்டோக்காரர் ஒருவர் கருவடிக்குப்பத்தில் இருந்தார். அங்கிருந்து கடல் பக்கம் போனால் ஒரு குப்பத்தில் மீன் விற்கும் அம்மா ஒருத்தி. இருவருக்கும் விடியற்காலையிலேயே போன் செய்து, வண்டி வரும், வாசலில் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பெஞ்சு எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் கோபம்தான் வந்தது. "உன்ன விட்டுட்டு வந்து அவங்கள கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "தண்ணி ஏறிக்கினு இருக்குது. நீ திரும்பி வர்றதுக்குள்ள அந்தத் தெருவுல இந்த வண்டி கூட நொழைய முடியாது. ஒரே தடவ, எல்லாரும்." "ஒனக்கு எதுனா ஆச்சுன்னா?" என்று கத்தினேன். "எனக்கு ஆவறது அவங்களுக்கும் ஆவும். வண்டிய திருப்பு." எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த முகம் தெரியாத இரண்டு பேரும் எப்படியோ போகட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கதவைத் திறந்து இறங்கப் போனாள். அதனால்தான் திருப்பினேன்.

ஆட்டோக்காரரை அவர் மனைவி இடுப்பில் கைகொடுத்து அழைத்து வந்தார். மீன்காரம்மா பிளாஸ்டிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். "வண்டி வருதுன்னாங்க, நா நம்பல டீச்சரு" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இருபது நிமிஷத்தில் போயிருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரு இடத்தில் தண்ணீர் இன்ஜின் மூடிக்கு மேல் அலைந்தது. காலை எடுக்காமல் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது அக்காவின் தலை மீன்காரம்மாவின் தோளில் இருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. விசில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் அவளுக்குத்தான் ஆக்சிஜன் வைத்தார்கள். அன்று பிழைத்தாள். மூவரும் பிழைத்தார்கள். அவளோடு நான் மூன்று நாள் பேசவில்லை.

அதன்பின் இரண்டு மழைக்காலம் அந்த வண்டி அப்படியே ஓடியது. போன பங்குனியில், ஒரு துளி மழையில்லாத காலையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் இதயம் நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் வண்டியைப் பற்றி ஆரம்பித்தார்கள். அவ்வளவு பெரிய வண்டி, கடைசியில் காப்பாற்றியதா என்று அத்தை மகன் கேட்டான். காப்பாற்றியது, எண்ணிச் சொல்லவா என்று கேட்டேன். ஒரு ஆளையும் கூட்டி வந்தார்கள். கொடைக்கானல் போக வண்டி தேடுகிறவர். பெஞ்சை எடுத்துவிட்டு நல்ல சீட்டாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதும், கேட்டைத் திறந்து வழி காட்டினேன். இப்போது தெருவில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த காலை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கிப் பேசியது. "நா புதுசுங்க. ஒங்க அக்கா படுத்த கட்டில்ல இப்ப நாந்தான். மீன்காரம்மா நம்பர் குடுத்தாங்க. எங்க தெருவுல தண்ணி வந்துடுச்சு. டீச்சர் இல்லியே, வண்டி இன்னும் இருக்குதான்னு..." அக்காவின் கட்டிலில் வேறொருத்தி படுத்திருக்கிறாள் என்பதை அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை. பிறகு, "வரேன். ஒங்க பக்கத்துல வேற யாருன்னா போவணுமா, கேட்டு வைங்க" என்றேன். "எத்தினி பேருக்கு எடம் இருக்குங்க?" என்றாள்.

"ஆறு பேருக்கு" என்றேன். அக்கா இருந்தவரை ஐந்து பேருக்குத்தான் இருந்தது.