சோப்பக்கா போட்ட அட்டை

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குச் சோப்பக்கா என்று பெயர். இசைப் பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைக்க வருவதற்கு முன்னால் பல வருஷம் சோப்புக்கும் பற்பசைக்கும் அட்டைப்பெட்டி வரைந்துகொண்டிருந்தவள் என்பதால் வந்த பெயர். பெயர்தான் அப்படியே தவிர, யாருக்கும் சோப்புப் போட அவளுக்குத் தெரியாது. ஒரு தலைப்பைப் பெரிதாக்கு என்று ஆசிரியர் சொன்னால், எதற்கு என்று கேட்பாள். காரணம் சரியாக இருந்தால் அடுத்த நிமிஷம் எழுத்து பெரிதாகிவிடும். சரியில்லை என்றால், அவர் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினாலும் எழுத்து அசையாது.

அது மெட்டல் இசைக்கான பத்திரிகை. கித்தார் உறுமும், டிரம்ஸ் இடிக்கும், பாடுகிறவர் ஜென்மப் பகை தீர்க்கிற மாதிரி கத்துவார். வேலைக்குச் சேர்ந்தபோது அதில் அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனால் பெட்டி புரியும். சோப்பை யாரும் படித்துப் பார்த்து வாங்குவதில்லை, நிறத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய் எடுத்துக்கொள்கிறது. பத்திரிகைக் கடையிலும் அதே கதைதான் என்று முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். கறுப்புப் பின்னணி, வெடித்துப் பிளந்த எழுத்து, தரையிலிருந்து மேல்நோக்கி எடுத்த படம், வியர்வை, நடுவில் முழுசாக ஒரு வாத்தியம் என்றால் அது மெட்டல். நிறைய வெள்ளை இடமும் மூடிய கண்ணும் என்றால் மெல்லிசை. ஏழு நிறமும் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தால் ஆட்டப் பாட்டு. இதில் உசத்தி, மட்டம் என்று எதுவும் கிடையாது. வாங்குகிறவனுக்குக் கொடுக்கிற வாக்கு, அவ்வளவுதான் என்பாள்.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரு இடத்தில் மட்டும் காணாமல் போகும். அந்தப் பத்திரிகையின் அட்டையில் அதுவரை இரண்டே இரண்டு முறைதான் பெண்கள் வந்திருந்தார்கள். இரண்டும் அவள் சேருவதற்கு முந்தைய காலம், இரண்டும் மண்ணைக் கவ்விய இதழ்கள். விற்காமல் திரும்பி வந்த கட்டுகள் இன்னும் அலுவலக மூலையில் கிடந்தன. வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பார்கள். பொண்ணு அட்டை ஓடாது என்பது ஆசிரியரின் முடிந்த முடிவு.

அந்த வருஷம் ஒரு கித்தார்க்காரி கிளம்பியிருந்தாள். அவள் குழுவின் புதுத் தொகுப்பைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அவளை அட்டையில் போடாமல் விட்டால் நாளைக்குப் பத்திரிகையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று சோப்பக்கா விடாப்பிடியாக நின்றாள். ஆசிரியர் அரை மனதோடு தலையாட்டினார், ஒரு நிபந்தனையோடு. இதுவும் ஓடவில்லை என்றால், அவர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை பெண் அட்டை என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. சோப்பக்கா ஒத்துக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. தன் ஒரு அட்டை சறுக்கினால் இனி வரப்போகிற அத்தனை பெண்களுக்கும் அந்தக் கதவு சாத்தப்படும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் கை அவளுக்குத் தெரிந்த கை.

அன்று சாயங்காலம் மூலையில் கிடந்த கட்டுகளிலிருந்து அந்தப் பழைய இரண்டு இதழ்களையும் உருவி வீட்டுக்கு எடுத்துப் போனாள். நாத்தனார் கட்டில்மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையின் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இது எதற்கான விளம்பரம் என்று கேட்டாள் சோப்பக்கா.

“ஷாம்புக்கு அண்ணி,” என்றாள் நாத்தனார், மடிப்பு கலையாமல்.

இரண்டாவதைக் காட்டியதும் சற்று யோசித்து, சென்ட்டாக இருக்கும் என்றாள். லிஃப்ட் பழுதுபார்க்கிற சோப்பக்காவின் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். மனைவி கொண்டுவரும் பாட்டை ‘பாத்திரம் உருளுற சத்தம்’ என்று வாய் ஓயாமல் நக்கலடிக்கிற மனிதர். எட்டிப் பார்த்தவர், அந்தப் பெண் என்ன வாசிக்கிறாள் என்று கேட்டார். நல்ல கேள்வி. படத்தில் அவள் கையில் ஒன்றுமே இல்லை. ஒருத்தி கன்னத்தில் கை வைத்திருந்தாள், இன்னொருத்தி காற்றில் பறக்கும் கூந்தலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பின்னணி இளஞ்சிவப்பு, எழுத்து கொடி மாதிரி வளைந்து நெளிந்தது. மெட்டல் கேட்கிறவன் கடையில் நின்று இதைப் பார்த்தால், வேறு யாருக்கோ போட்ட பத்திரிகை என்று கடந்து போகாமல் என்ன செய்வான்?

“ஓடாதது பொண்ணுங்க இல்ல,” என்றாள் சோப்பக்கா. “பெட்டி.”

நாத்தனாருக்கு அது விளங்கவில்லை. சோப்பக்கா அன்று நன்றாகத் தூங்கினாள்.

படம் எடுக்கிற நாளில் ஆசிரியர் ஒரு ஒப்பனைக்காரியையும் காற்றடிக்கும் விசிறியையும் அனுப்பியிருந்தார். சோப்பக்கா இரண்டையும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். கித்தார்க்காரி நெட்டையான பெண். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள், தந்தி அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. புகைப்படக்காரரைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, சோப்பக்கா அவளை வாசிக்கச் சொன்னாள்.

“அக்கா, சிரிக்கணுமா?” என்று கேட்டாள் அவள்.

“வாசிக்கும்போது சிரிப்பியா?”

“இல்ல. பல்லக் கடிப்பேன்.”

“அப்ப கடி.”

அவள் கடித்தாள். அது போதும் என்கிற மாதிரி ஒரு படம் விழுந்தது. கித்தாரை மாட்டியிருந்த பக்கத்தைப் பார்த்த பிறகுதான் அவள் இடது கைக்காரி என்பதே சோப்பக்காவுக்குத் தெரிந்தது. இதுவரை வந்த எந்தப் படத்திலும் அப்படி இல்லையே என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள். எல்லாப் பத்திரிகையிலும் படத்தை இடவலமாகத் திருப்பித்தான் போடுகிறார்களாம். சின்ன வயதில் அவள் அப்பா வலது கைப் பழக்கத்துக்குக் கொண்டுவரப் படாத பாடு பட்டாராம், நடக்கவில்லை. நம்மால் முடியாததைப் பேப்பர்காரன் முடித்துவிட்டானே என்று அப்படி வந்த ஒரு படத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சோப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அட்டை தயாரானது. கறுப்பு, பிளந்த எழுத்து, கீழிருந்து பார்வை, முழுக் கித்தார், இரண்டு கையும் விரல் விரலாக. ஆசிரியர் கொஞ்ச நேரம் பார்த்தார். பல்லைக் கடிக்கிறாளே என்று முனகினாலும், படம் பிடித்துவிட்டது என்பது அவர் மூஞ்சியிலேயே தெரிந்தது. பிறகு இடது ஓரத்தில் விரலை வைத்தார். கடைத் தட்டில் பத்திரிகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும்போது அந்த ஓரம்தான் வெளியே தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்கிற வரிகளை வழக்கமாக அங்கேதான் போடுவார்கள். வலது கைக்காரர்களின் கித்தார்க் கழுத்து, தந்தி அழுத்துகிற அந்த நீளத் தண்டு, மறுபக்கம் நீளும், தொந்தரவு இல்லை. இவளுடைய கித்தார்க் கழுத்தும் அதைப் பிடித்த விரல்களும் சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

“படத்தத் திருப்பிடு மா. ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது.”

சோப்பக்கா முடியாது என்றாள். வரிகளைக் கித்தார்க் கழுத்துக்குக் கீழே அதே சாய்வில் ஓடவிட்டிருக்கிறேன், ஒன்றும் குறையவில்லை என்று காட்டினாள். போன வருஷம் ஓர் இடது கைக்காரர் அட்டையில் வந்தபோது, படத்தைத் தொடக் கூடாது என்று வரிகள் எல்லாவற்றையும் வலது பக்கம் மாற்றச் சொன்னது யார் என்றும் கேட்டாள்.

“அவரு விஷயம் வேற. அவரப் பாக்கிறவன் கையத்தான் பாப்பான். இங்க யாரு கையப் பாக்கப் போறா?”

ஆசிரியர் கெட்டவர் இல்லை. உள்நோக்கம் எதுவும் இல்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் சோப்பக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவளுக்குக் கோபம் வந்தால் கை வேகமாகும், வாய் மூடிக்கொள்ளும். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து மீதிப் பக்கங்களை முடித்தாள்.

மறுநாள் அச்சுக்குப் போகிற பக்கங்கள் கடைசிப் பார்வைக்காக ஆசிரியர் மேஜைக்குப் போயின. ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், தன்னுடைய ‘ஆசிரியர் பக்கம்’ வந்ததும் நின்றுவிட்டார். மேலே அவருடைய படம். அவருடைய இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. அதனால்தான் தனக்கு எழுத்து வந்தது என்பது அவர் எண்ணம்.

“மச்சம் எப்படி மா இந்தப் பக்கம் வந்துச்சு?”

“உங்க படம் பக்கத்த விட்டு வெளிய பாத்துட்டு இருந்துச்சு சார். திருப்பிட்டேன். ஆளு நீங்கதானே?”

“இது நான் இல்ல மா.”

சோப்பக்கா அட்டையை எடுத்து அந்தப் பக்கத்துக்கு அருகில் வைத்தாள். ஆசிரியர் தன் படத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி தன் படத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. கடைசியில் பேனாவைத் திறந்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணை அப்படியே விடு, என் மச்சத்தையும் இருந்த இடத்தில் வை என்றார். ஓடாவிட்டால் பழி உன் தலையில்தான் என்று சொல்லவும் மறக்கவில்லை. என் தலை தாங்கும் சார் என்று சொல்லிவிட்டு அவள் பக்கங்களை அள்ளிக்கொண்டு போனாள்.

இதழ் கடைக்குப் போனது. கொஞ்ச நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு காலையில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஆசிரியர் எடுப்பார், கேட்பார், முகம் சுருங்கும், வைப்பார். நாலைந்து அழைப்புக்குப் பிறகு எழுந்து வந்து சோப்பக்காவின் மேஜை முன் நின்றார்.

“அட்டை தப்புன்னு சொல்றாங்க. எல்லாரும் ஒரே குறை. படம் திருப்பி விழுந்திருக்காம்.”

மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை சோப்பக்காவே போய் எடுத்தாள். மறுமுனையில் ஒரு ஆண் குரல் எடுத்த எடுப்பிலேயே எகிறியது. கித்தாரைக் கண்ணால் பார்த்தவர் யாராவது அந்த அலுவலகத்தில் இருக்கிறார்களா என்று கேட்டது. சோப்பக்கா அவரை முழுசாகப் பேசவிட்டாள். பிறகு, படத்தில் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

“எப்படி இருந்தா எனக்கென்னங்க? மோதிர விரல ஒரு இடத்துல வச்சிருக்காங்க பாருங்க, அங்க எப்படி எட்டுதுன்னே புரியல. காலைலேந்து அட்டையப் பாத்துப் பாத்து முயற்சி பண்றேன். நீங்க படத்தத் திருப்பித் தொலைச்சதுல எல்லாம் குழம்புது.”

“திருப்பலைங்க,” என்றாள் சோப்பக்கா. “அவங்க இடது கை.”

மறுமுனையிலிருந்து, கித்தார் வாசிக்கிறவர்களுக்குள் பேசிக்கொள்கிற தணிந்த குரலில் ஒரு ‘ஓ’ மட்டும் வந்தது. முகம் பார்க்கத் தெரியாமல் இல்லை அந்த ஆளுக்கு. கை அவ்வளவு பிடித்திருந்தது. சோப்பக்கா சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சினாள். என்ன திட்டுகிறார்களா என்று கேட்ட ஆசிரியரிடம், ஆமாம் சார், நன்றாகத் திட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் விடிந்ததிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதையும் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் கடைகளிலிருந்து இன்னும் கட்டு கேட்டு ஆள் வந்துவிட்டது. பெண் அட்டை பற்றிய நிபந்தனையை ஆசிரியர் வாயால் திரும்பப் பெறவில்லை, அப்படிப்பட்ட வழக்கமும் அவருக்கு இல்லை. தொலைபேசியை மட்டும் தன் மேஜைக்கு இழுத்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு வேறு யாரையும் எடுக்கவிடவில்லை.

“திருப்பலைங்க,” என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு அழைப்புக்கும். “அவங்க இடது கைக்காரங்க. கையப் பாருங்க. நாங்க எதுக்குங்க திருப்பணும்?”